ஊன்றுகோல்



கச்சித் திருவேகம்பம் சுந்தரமூர்த்தி நாயனார் இடக்கண் பெற்ற திருத்தலமாதலை யாவரும் அறிவர். அந்நகர் ஈன்ற மைந்தரும், 1969-ஆம் ஆண்டு புற்றுநோயால் மறைந்தவருமாகிய அறிஞர் அண்ணா அவர்கள் பெயரால், அந்நோய்க்குரிய அரசினர் மருத்துவமனை ஆங்குக் காரைப்பேட்டையில் நடைபெற்று வருகின்றது. இத்தகைய இடங்களில், நோய் முற்றியவரைக் காணச் செல்லும் நம்மவர் சிலர், "எல்லாம் முன்வினை" என்று கூறித் தேற்ற முற்படுகின்றனர். இது குறித்தே ஈண்டு யாம் சில கூற விரும்புகின்றோம்.

வினைக்கொள்கை மெய்யே, ஆயினும் அதனை எடுத்துரைக்கும் இடம் அஃதன்று. இந்நோய்க்குரிய வினை இன்னதென்று அறிதல் முற்றறிவுடைய முதல்வனுக்கன்றி நமக்கு இயலாது. பிராரத்தம் நுகர்வார் நெஞ்சைப் புண்படுத்துவோர் தமக்கு ஆகாமியம் ஈட்டுவோரேயாவர்.

நம்பியாரூரர் வரலாற்றை நோக்குக. சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்தமையால் அவர் கண்ணிழந்தார். பிழை வெளிப்படையாயிருந்த அவ்விடத்தும், திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்கு முதற்கண் ஈந்தது ஊன்றுகோலே. கண்களோ, பின்னர்க் காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் ஒன்றுமாக வந்தன. கண் கொடுக்க இயலாத நாமும் கோல் கொடுக்கலாமென்பது இதனாற் பெறப்படும்.

அக்கோல் யாதோவெனின், செவிகொடுத்தலே என்க. இக்காலத்து மருத்துவரும் இதனை உணர்ந்துள்ளனர். இலண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறுதி நோயாளர் படும் துன்பம் உடல், உள்ளம், சுற்றம், ஆன்மிகம் என்னும் நான்கும் பிணைந்ததென்று காட்டினார். கனடா நாட்டு மருத்துவர் சோச்சினாவ் என்பார் 2005-இல் வெளியிட்ட முறையில், நோயாளர் தம் வாழ்வில் பெரிதென மதிப்பனவற்றைச் சொல்லச் செய்து, எழுத்திலாக்கிச் சுற்றத்தார்க்கு வழங்குவர். பழம்பாவு தீருமுன் அதன் இழைகளோடு புதுப்பாவின் இழைகளைப் பிணைக்கும் காஞ்சி நெசவாளர்க்கு இதன் பயனை விளக்க வேண்டுவதின்று.

வலி மிகுந்துழி, முதலில் மருத்துவரை அழைத்து அதனைத் தணிவித்த பின்னரே பேசத் தொடங்குக. நோயாளர் இறைவனை நொந்துரைப்பினும் தடுக்கற்க. நம்பிகள் நொந்து பாடிய பதிகங்களையும் ஏழாந்திருமுறையில் வைத்து நாம் ஓதுகின்றோம் அல்லவா? நோவுரையும் அவனை நோக்கிய சொல்லேயாம்.

ஆதலின், திருநீறு கொண்டு செல்லும் அன்பர்கள் அதனை அளித்தவுடன் எழுந்து போகாது, அருகமர்ந்து, "யாது உம்மை வருத்துகின்றது?" என வினவுக. விடை வருமளவும் வாய்திறவாதிருத்தலும் சிவத்தொண்டேயாம்.

திருச்சிற்றம்பலம்.