முகத்துதி: ஓர் அறவியல் நோக்கு

ஈழத்துப் பேச்சுவழக்கில் முகத்துதி செய்தலைப் 'பந்தம் பிடித்தல்' என்பர். ஊர்வலத்தின் முன்னே தீப்பந்தம் ஏந்திச் செல்பவனின் தோற்றத்தை இத்தொடர் நினைவூட்டுகின்றது. வெக்கையைத் தாங்குபவன் அவன். ஊரார் பார்ப்பதோ பின்னால் வரும் யானையை. இதே பொருளில் வழங்கும் மற்றொரு சொல் 'இச்சகம்'. 'முகமன்' என்பது இவற்றினின்றும் வேறானது. விருந்தினரை எதிர்கொண்டு இன்சொற் கூறுதலாகிய முகமனை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. எனவே, இனிமையாகப் பேசுவதெல்லாம் முகத்துதியாகாது. அவ்வாறாயின், முகத்துதியை முகத்துதியாக்குவது யாது?

பொய்மையே என்பது உடனடியாகத் தோன்றும் விடை. ஆயின் அது போதாது. திறமை வாய்ந்த மேலதிகாரியின் திறமையை நாள்தோறும் அவர் செவிபடப் புகழ்பவன் பொய்யுரைப்பவன் அல்லன். எனினும் அவனை அலுவலகம் முழுவதும் இனங்கண்டுகொள்ளும். முகத்துதி செய்வோனையும் நண்பனையும் வேறுபடுத்தி அறிதல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதிய கிரேக்க அறிஞர் புளூட்டாக், தேர்ந்த முகத்துதியாளன் கண்டிப்பவனைப் போலவும் நடிப்பான் என்கிறார். சிறு குறைகளைக் கடிந்து, பெருங்குறைகளைக் காணாதவன் போல் விட்டுவிடுவானாம். (இவ்வகையினர் இன்றும் அருகிவிடவில்லை.) அரிஸ்டோட்டில் நோக்கத்தையே அளவுகோலாகக் கொண்டார். பயன் கருதாது எல்லோரையும் மகிழ்விக்க முனைபவன் ஒருவகையினன். தன்னலம் கருதி மகிழ்விப்பவனே முகத்துதியாளன் என்பது அவர் கண்ட வேறுபாடு.

தமிழிலக்கிய வரலாற்றை நோக்குமிடத்து இவ்வளவுகோலும் தடுமாறுகின்றது. புறநானூற்றுப் புலவர் பலர் பரிசில் வேண்டியே பாடினர். அதனை மறைக்கவும் இல்லை. வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழும் தம் மகனைப் பற்றிப் பெருஞ்சித்திரனாரே பாடியுள்ளார். அத்தகைய வறுமையுடையவர் இளவெளிமானிடம் சென்றபோது அவன் சிறிதளவே கொடுத்தான். புலவர் அதனைக் கொள்ளவில்லை. குமணனைப் பாடி யானையொன்றைப் பரிசிலாகப் பெற்று மீண்டும் வந்து, இளவெளிமானின் ஊர்க் காவன்மரத்திலே அதனைக் கட்டினார். ஈவோரும் உலகில் உளர் என்பதற்கு அந்த யானையைச் சான்றாக நிறுத்திவிட்டுச் சென்றார். பயன் கருதியவர் என்பதற்காக இவரை முகத்துதியாளர் எனல் பொருந்துமா?

பல நூற்றாண்டுகளுக்குப் பின் இராமச்சந்திர கவிராயர் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்றில் வேறொரு புலவனைக் காண்கின்றோம். கல்வியறியாத செல்வனொருவனை அறிஞன் என்றும், போர்க்களம் காணாத அவனையே வீரன் என்றும், ஈயாத அவன் கையை வள்ளலின் கை என்றும் அவன் போற்றுகிறான். ஈற்றிற் கிடைப்பது 'இல்லை' என்ற ஒரு சொல். இல்லாதவற்றைச் சொன்னமைக்கு அதுவே கூலி எனத் தன்னையே நொந்து திரும்புகிறான். இப்பாடலை நகைச்சுவைக்காகவே எடுத்தாள்வது வழக்கம். ஆயினும் அதில் நகைப்பைவிடத் துயரமே மிகுதி.

இருவரும் வறியவர், இருவரும் பொருள் நாடிச் சென்றவர். முன்னவருக்குச் செல்வதற்கு வேறு வாயில் இருந்தது. இளவெளிமானைப் பாடாது விடும் உரிமை அவரிடம் இருந்தமையாலேயே, குமணனைப் பாடிய பாட்டுக்குப் பெறுமதி உண்டாயிற்று. புகழாதிருக்க இயன்றவன் புகழ்ந்தால் அது பாராட்டு. அவ்வுரிமையை இழந்தவன் வாயிலிருந்து வருவது, முற்றிலும் உண்மையேயாயினும், முகத்துதியே. சிற்றரசர் பலர் ஆண்ட காலத்துப் புலவனுக்கு இருந்த வாயில்கள், பிற்காலத்தில் ஓரிரு செல்வரை அண்டி வாழ்ந்த புலவனுக்கு இருக்கவில்லை. ஆகவே, முகத்துதி தனிமனிதக் குணக்கேடு மட்டுமன்று. வாயில்களின் எண்ணிக்கையோடு தொடர்புடைய சமூக நிலையுமாகும்.

இதனை விளக்கப் புலவரிடம் மட்டுமே செல்லவேண்டியதில்லை. இலங்கையில் 1977 இல் பதவிக்கு வந்த அரசாங்கத்தின் தொழில் வங்கித் திட்டத்தின்கீழ், அரச வேலைக்கான விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் வாயிலாக விநியோகிக்கப்பட்டன. பட்டம் பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் அப்படிவத்தை நாட ஒரே வாயில். மாலையோடு அங்கு நின்ற இளைஞனைக் கோழை என்று கூறிவிடுதல் எளிது. அவ்வொரு வாயிலை மட்டும் திறந்து வைத்தவர்களைப் பற்றி வாளாவிருந்துவிட்டு அவனை மட்டும் பழித்தல் நீதியாகாது. எனினும் பெருஞ்சித்திரனாரின் வீட்டிலும் கலம் வெறுமையாகவே இருந்தது என்பதை அவனும் மறந்துவிடுவதற்கில்லை.

முகத்துதியால் விளையும் கேடு, அதனைக் கேட்டு மயங்குபவரோடு நின்றுவிடுவதில்லை. அது மெய்யான பாராட்டின் வாயையும் அடைத்துவிடுகின்றது. நல்லதொரு விரிவுரையைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்த மாணவனொருவன் அதனை விரிவுரையாளரிடம் சொல்ல எழுகிறான். சுற்றியிருப்போரின் பார்வையை எண்ணியதும் மீண்டும் அமர்ந்துவிடுகிறான். பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த பின் சொல்லலாம் என ஒத்திவைக்கிறான். பெறுபேறுகள் வெளிவரும் நாளில் அவன் ஊருக்குச் சென்றிருப்பான்; விரிவுரையாளர் அதே விரிவுரையை அடுத்த தொகுதியினருக்கு நிகழ்த்திக்கொண்டிருப்பார்.