காண்பதும் கவர்வதும்

ஓர் உயிரைக் கொல்லாதிருப்பது கையின் கட்டுப்பாடு. அதைத் தனதாக்க விரும்பாதிருப்பது மனத்தின் கட்டுப்பாடு. முன்னது வாய்த்தால் பின்னதும் தானே வாய்த்துவிடுமா?

தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி, மரங்கள் விரவிய புல்வெளியில், சாபி சாண்ட் என்னும் தனியார் வனவிலங்குக் காப்பகம் உள்ளது. நிலவுடைமையாளர்கள் ஒன்றுகூடி 1948-ஆம் ஆண்டில் அதனை அமைத்தனர். அங்கு வேட்டைக்கென்றே நிலம் வாங்கியோரும் உண்டு. காலப்போக்கில் துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பிடித்தது. இன்று பல நாட்டினரும் திறந்த வண்டியில் அமர்ந்து விலங்குகளைக் காண்கின்றனர்.

வருவோரில் பலர் தேடுபவை ஐந்து: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. இவற்றைப் 'பெரிய ஐந்து' என வகுத்தவர்கள் அக்கால வேட்டைக்காரர்களே. நடந்து சென்று வேட்டையாடும்போது மிகுந்த ஆபத்தை விளைவிப்பவை என்பதே அவர்களது அளவுகோல். துப்பாக்கி போயிற்று, பட்டியல் போகவில்லை. நான்கினைக் கண்டவர் ஐந்தாவதைக் காணாமல் வாடும்போது, கண்ட நான்கும் அவருக்குச் சுவையற்றுப் போகின்றன. கொலை நின்ற பின்னும் உள்ளத்தில் வேட்டை நிற்கவில்லை.

'பணம் செலுத்தியவர் எதிர்பார்ப்பதில் தவறு என்ன? அப்பணம்தானே காட்டைக் காக்கிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் பணம் வாய்ப்பைத்தான் வாங்கும். சிறுத்தையின் வருகையை வாங்காது. வாய்ப்பை உரிமையெனக் கொள்வதிலிருந்தே ஏமாற்றம் பிறக்கிறது.

அதே வண்டியின் முன்னிருக்கையில் தடம் பார்ப்பவர் அமர்ந்திருக்கிறார். மண்ணில் பதிந்த குளம்பு, மடங்கிய புல், குரங்கின் எச்சரிக்கைக் குரல் எதையும் அவர் அற்பமென்று ஒதுக்குவதில்லை. அவரும் சிறுத்தையைத்தான் தேடுகிறார். எனினும் தேடல் அவருடைய கண்ணைக் குறுக்கவில்லை, விரிக்கிறது. ஆகவே விருப்பத்தை அறவே விடுவதன்று தேவை; கிடைத்ததை இகழாத விருப்பமே தேவை.

பூங்காவுக்கும் காப்பகத்துக்கும் இடையே இருந்த கம்பிவேலி 1993-இல் அகற்றப்பட்டது. அதன்பின் ஒரு யானை காலையில் அரசு நிலத்திலும் மாலையில் தனியார் நிலத்திலும் மேயலாம். 'என் யானை' என்று சொல்லும் வசதியை நிலவுடைமையாளர் இழந்தார். எல்லையற்று நடமாடும் யானைகளைக் காடு பெற்றது.

காண வந்தவரும் தம் உள்ளத்து வேலியை அவ்வாறே அகற்றலாம். அப்போது பட்டியலில் இடம்பெறாத மானும் பறவையும் அவர் கண்ணில் படும்.