வாலியின் கேள்வியும் கண்ணிவெடியும்

காட்டுப்பகுதியைக் காக்கும் காலாட்படை தன்னினும் பெரிய படையைத் தடுக்கக் கையாளும் வழிகளுள் இரண்டு அறநோக்கில் கடும் ஐயத்தை எழுப்புகின்றன: ஒன்று, மறைந்திருந்து தொலைவிலுள்ளவரைக் குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர், மற்றொன்று, மனிதர் மிதித்தவுடன் வெடிக்கும்படி மண்ணில் புதைக்கப்படும் ஆள்கொல்லிக் கண்ணிவெடி. இரண்டும் ஒளிந்து தாக்குபவை என்பதால் ஒரே குற்றமாக எண்ணப்படுவதுண்டு. ஆயினும் கொன்றவர் ஒளிந்திருந்தாரா என்பதைவிட, அக்கொலைக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பதே முதன்மையான வினா. கம்பனின் வாலி, தன்மேல் பாய்ந்த அம்பைப் பறித்து அதில் இராமன் பெயரைக் கண்டு, மறைந்து நின்று எய்தது முறையோ என்று கேட்கிறான். அவ்வழக்கு இன்றளவும் விவாதிக்கப்படுவது, எய்தவன் வாலியின் எதிரே வந்து நின்றதனால்தான்.

1939-40இல் சோவியத் படையெடுப்பை எதிர்த்துப் பின்லாந்து நடத்திய குளிர்காலப் போரில், கொல்லா ஆற்றையொட்டிய காடுகளில் போரிட்ட பின்லாந்து ஸ்னைப்பர் சிமோ ஹைஹா ஏறத்தாழ 500 பேரைக் கொன்றவராகக் கருதப்படுகிறார். பல பத்தாண்டுகள் வெளிவராதிருந்த தம் போர்க்குறிப்பில் அவரே அக்கணக்கைப் பாவப்பட்டியல் என்று குறித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு மனிதரைக் கண்டு, சுடுவதா விடுவதா என்று முடிவுசெய்தவருக்கே அப்படி எழுத இயலும். முதல் உலகப் போரில், குளித்துக்கொண்டிருந்த பகைவனைச் சுட மனமின்றி ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் துப்பாக்கியைச் சார்ஜெண்டிடம் கொடுத்துவிட்டார். சார்ஜெண்ட் சுட்டுவிட்டார் என்பது கொடுமையே எனினும், தயங்குவதற்கு அங்கே ஒரு நெஞ்சாவது இருந்தது.

கண்ணிவெடியில் அத்தயக்கத்துக்கு இடமே இல்லை. புதைத்தவர் ஊர் திரும்பி, போர் முடிந்து, உடன்படிக்கை கையெழுத்தான பின்னும், படைவீரரையும் காட்டில் பழம் பறிக்க வரும் சிறுமியையும் வேறுபடுத்தாமல் அது காத்திருக்கிறது. ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளை முற்றாகத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கையில் 2012இல் இணைந்த பின்லாந்து, 2022இல் உக்ரைன்மீது ரஷ்யா தொடுத்த பெரும்போருக்குப் பின், ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தன் எல்லையை எண்ணி அஞ்சி, 2025இல் விலகலை அறிவித்தது. அந்த அச்சம் உண்மையானது. அதைக் கோழைத்தனம் என்று இகழ யாருக்கும் உரிமையில்லை. புதைத்த இடங்களை வரைபடத்தில் முறையாகப் பதிந்து வைக்கலாம் என்ற வாதமும் பொருளற்றதன்று. ஆனால் வரைபடம் இடத்தைக் காட்டுமேயன்றி, மிதிப்பவர் யாரென்று பார்த்து வெடியைத் தடுக்காது. ஆகவே பின்லாந்தின் முடிவு அறநோக்கில் தவறானது.