அரியணையும் அமானிதமும்

நாட்டைப் பிடித்தவன் அரசனை அகற்றித் தானே ஆள்வது ஒரு முறை. அரசனை அரியணையிலேயே இருத்தி, அவன் வாயிலாக ஆள்வது மற்றொரு முறை. ஆளப்படுவோரின் மனச்சான்றுக்கு இரண்டாவதே கடினமான சோதனை என்பேன். வட நைஜீரியாவின் வரலாறு இதற்குச் சான்று.

ஷெய்கு உதுமான் இப்னு பூதி (ரஹ்) அவர்கள் 1804இல் தொடங்கிய எழுச்சியில் பிறந்தது ஸொகோட்டோ கிலாபத். 1903 மார்ச்சில் ஆங்கில ஆணையர் லுகார்டின் படை அத்தலைநகரைக் கைப்பற்றியது. கலீபா முதலாம் அத்தாஹிரு, அந்நியருக்குப் பணிவதினும் ஹிஜ்ரத்தே மேலெனக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். மக்கள் திரள்திரளாகப் பின்சென்றனர். ஜூலையில் புர்மிப் போரில் அவர் உயிர் நீத்தார்.

தங்கிவிட்டோர் நிலை என்ன? வஜீர் முஹம்மது புகாரி உலமாக்களுக்கு ஒரு ரிஸாலா வரைந்தார். அச்சத்தின்போது உள்ளத்தாலன்றி நாவால் மட்டும் பணிவது ஆகும் என்பது அதன் கருத்து. மார்க்கத்தில் தலையிடோம் என லுகார்டும் வாக்களித்தார். பள்ளிவாசலும் காழியும் நிலைத்தன. ஆனால் சுல்தானை நியமிக்கும் உரிமையும் வரி விதிக்கும் உரிமையும் கைமாறின. ரெசிடெண்ட் துரை கூறிய ‘ஆலோசனை’ அமீரின் கட்டளையாக வெளிவந்தது. வரி தண்டியவர் அமீரின் ஆள். அதில் துரைத்தனத்துக்கும் பங்கு. குடியானவன் எவரிடம் கணக்குக் கேட்பான்? அமானிதத்தைச் சுமந்தவர் ஒருவர், செலவிட்டவர் வேறொருவர்!

வஜீரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. தோற்ற ஊரின் முதியோரும் பெண்டிரும் எங்கே போவர்? நிர்ப்பந்தத்தில் சலுகை உண்டென்பதை ஃபிக்ஹு நூல்கள் மறுக்கவில்லை. ஆயினும் அச்சலுகை நிர்ப்பந்தத்தின் அளவுக்கே என்பதும் அந்நூல்களின் விதிதான். பசியால் மடியும் தறுவாயில் செத்ததை உண்ண அனுமதி பெற்றவன், அதைக்கொண்டு கடை வைக்கலாகாது.

1906இல் ஸத்திரு என்னும் சிற்றூரார் கிளர்ந்தெழுந்து ஆங்கில அதிகாரிகளைக் கொன்றனர். சுல்தான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அவருடைய ஆட்களும் துணைசெல்ல, மார்ச்சில் அவ்வூர் தரைமட்டமாயிற்று. மாண்டோரும் தொழுகையாளிகள், கொன்றோரில் ஒரு சாராரும் தொழுகையாளிகள். மஹ்தியின் பெயரால் எழுந்த அவ்வூரார் சுல்தானுக்கும் பகைவரே எனலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அப்பகையை அவர் எவருடைய ஆட்சியைக் காக்கத் தீர்த்தார்? நாவளவில் தொடங்கிய பணிவு மூன்றே ஆண்டுகளில் கைக்கு இறங்கிவிட்டது.

புர்மியில் தப்பியோர், அத்தாஹிருவின் மகன் மை வுர்னோவுடன் ஸூடான் சென்று நீல நைல் கரையில் குடியேறினர். அவர் பெயராலேயே அவ்வூர் வழங்குகிறது. ஸொகோட்டோவிலும் சுல்தான் பட்டம் இன்றளவும் இருக்கிறது. இரு ஊர்களிலும் ஷெய்கின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர்.