சோம்பலா, நோயா?

சர்வகலாசாலை மாணாக்கன் ஒருவன் பரீட்சையில் தவறினால் சோம்பேறி என்று பழிக்கின்றோம். அது நீதியாகுமோ?

மனச்சோர்வு ஒரு நோய். நாள்தோறும், இரு வாரமேனும் நீடிக்கும் அந்நோயில் உறக்கம் கெடும், கவனம் சிதறும், படித்தது நினைவில் தங்காது. பாடம் பின்தங்க வெட்கம் பெருகும்; வெட்கத்தால் வகுப்பை ஒதுக்குவான்; நோய் மேலும் முற்றும்.

சோம்பேறி பாடத்தை விட்டு விளையாட்டை நாடுவான். இந்நோயுற்றவனுக்கோ விளையாட்டும் கசக்கும். இவ்வேற்றுமை அறியாது வையும் நம் நாவே அவனுக்கு இரண்டாம் நோய்.

ஆதலின், மதிப்பெண்ணைக் கேட்குமுன் "உண்டாயா, உறங்கினாயா?" எனக் கேட்போம், மருத்துவரிடம் உடன் செல்வோம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

ஓராண்டுப் படிப்புப் போனால் மீளும். உயிர் போனால் மீளாது.