செய்கூலி

கருமத்தம்பட்டி, சோமனூர் விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் தறியையே நிறுத்தினார்கள். வெள்ளித் தட்டும் டம்ளரும் செய்பவரோ வெள்ளி விலையைத் தைரியமாகச் சொல்லிவிட்டு, செய்கூலி என்றதும் குரலைத் தாழ்த்துகிறார்! சுத்த வெள்ளி மிருதுவானது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதிக்குப் பெரும்பாலும் செம்பு சேர்த்தால்தான் தட்டு சட்டென நெளியாது. உருக்கி, தகடாக்கி, தட்டி, பற்றவைத்து, மெருகேற்றும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? பட்டறைக் குப்பையையே தூள் வெள்ளிக்காகச் சேர்த்து வைக்கிறோம். நம் நேரத்தைத்தான் கூட்டித் தள்ளுகிறோம். வெள்ளி விலை தினமும் ஆடும். ஆர்டர் வந்த அன்றே முன்பணம் வாங்கி வெள்ளியை எடுத்துவிடுங்கள். பில்லில் வெள்ளி விலையை ஒரு வரியிலும் செய்கூலியைத் தனி வரியிலும் எழுதுங்கள்.