பிறப்பு வேற்றுமையும் குன்றல் பகுப்பும்

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவருக்குச் சுருட்டை முடி, ஒருவருக்குக் கோரை முடி. ஒருவர் நோஞ்சான், மற்றவர் திடகாத்திரம். இந்த வேற்றுமை எப்படி வருகிறது என்பதற்கு உயிரியல் காட்டும் விடை குன்றல் பகுப்பு. ஏன் வருகிறது என்பது சமயத்தின் பழைய கேள்வி.

மனித உடற்செல்லில் 46 குரோமோசோம்கள் 23 இணைகளாக உள்ளன. இணைக்கு ஒன்று தாய்வழி, ஒன்று தந்தைவழி. கருமுட்டையும் விந்தணுவும் 46ஐயும் சுமந்து வந்தால் பிள்ளைக்கு 92, பேரனுக்கு 184 என்று ஏறிக்கொண்டே போகும். ஆகவே இனச்செல் உண்டாகும்போது மட்டும் எண்ணிக்கை பாதியாகிறது. இதுவே குன்றல் பகுப்பு: டிஎன்ஏ ஒருமுறை இரட்டிக்கிறது, செல் இருமுறை பிரிகிறது. முதற்பிரிவில் இணைகள் விலகுகின்றன. இரண்டாவதில் ஒவ்வொரு குரோமோசோமின் இரு இழைகளும் விலகுகின்றன.

முதற்பிரிவின் தொடக்கத்தில்தான் பெரிய வேலை நடக்கிறது. தாய்வழிக் குரோமோசோம் தன் தந்தைவழி இணையோடு நீளவாக்கில் ஒட்டிக்கொள்கிறது. சில இடங்களில் இரண்டின் இழைகளும் அறுந்து, துண்டுகள் இடம் மாறி மறுபடி பொருந்துகின்றன. நுண்ணோக்கியில் அந்த இடங்கள் பெருக்கல் குறிபோலத் தெரியும். தாத்தா தந்ததும் பாட்டி தந்ததும் ஒரே குரோமோசோமில் கலப்பது இந்தக் குறுக்கேற்றத்தில்தான். பெண்ணுக்குக் குன்றல் பகுப்பு அவள் பிறக்கும் முன்பே தொடங்கி, பாதியில் நின்று, பருவமடைந்த பிறகே மேலே தொடர்கிறது. எனவே ஒவ்வொருவரையும் ஆக்கிய முட்டையின் குன்றல் பகுப்பு, அம்மா தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே தொடங்கியது.

அடுத்து, எந்தக் குரோமோசோம் எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். 23 இணைகளுக்கு 83,88,608 சேர்க்கைகள். குறுக்கேற்றத்தையும் சேர்த்தால் கணக்கில் அடங்காது. எண்பத்து நான்கு லட்சம் யோனிபேதம் (பிறப்பு வகைகள்) என்ற புராண எண்ணுக்கு இது நெருங்கி வருவது வெறும் ஒற்றுமை. முன்னோர் குரோமோசோமை எண்ணினார்கள் என்று வாதிப்பது சமயத்துக்கும் பெருமை சேர்க்காது.

சென்னைக்கு அருகே ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கார் ஆலைகளில் ஒரே மாடலின் ஒரு பாகம் மற்றொன்றிலிருந்து வேறுபட்டால் அது பழுது. உயிரினத்துக்கோ வேறுபாடுதான் காப்பு: ஒரு நோய் எல்லோரையும் ஒருசேர வீழ்த்தாமல் தடுப்பது அதுவே.

அந்த ஆலைகளை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூர், 1017இல் இராமானுசர் அவதரித்ததாக வைணவ மரபு சொல்லும் ஊர். உயிர்கள் ஏற்றத்தாழ்வோடு பிறப்பதால் இறைவனுக்குப் பாரபட்சம் உண்டோ என்ற கேள்வி பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அவரவர் கர்மத்துக்கு ஏற்பவே படைப்பு, கர்மமோ அனாதி என்பது அந்தச் சூத்திரத்துக்கு இராமானுசர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யம் ஏற்கும் விடை.

கர்மமும் தற்செயலும் மோதுகின்றனவா? பிரியும் திசையை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே உயிரியல் கூறும் தற்செயல். அதற்கு அப்பால் ஒரு காரணம் உண்டா என்பதை நுண்ணோக்கி தீர்க்காது. ஆனால் ஊர்ப்பேச்சின் கர்மம் வேறு. 21ஆம் இணை பிரியாமல் போய், அந்தக் குரோமோசோம் மூன்றாக அமைந்த குழந்தை டவுன் நோய்க்குறியோடு பிறந்தால், பெற்றவள் செய்த பாவம் என்கிறார்கள். அது கொடுமை; சாத்திரமும் அல்ல. கர்மம் அவரவருடையது என்று சொல்லும் கொள்கையை வைத்துக்கொண்டு தாயின் மேல் பழி போட முடியாது.

இராமானுசர் கீதை ஐந்தாம் அத்தியாயத்துக்கு எழுதிய உரையில் இன்னும் ஆழமான விடை இருக்கிறது. வேற்றுமை எல்லாம் பிரகிருதியாகிய உடலைச் சேர்ந்தது. ஆன்மாக்கள் பல, ஆனால் ஞான வடிவில் எல்லாம் சமம் என்கிறார். அந்தணரல்லாத திருக்கச்சி நம்பியை அவர் ஆசானாகக் கொண்டதையும் மரபு போற்றுகிறது. வேத அதிகாரத்தைப் பிறப்போடு கட்டிய வரம்பை ஸ்ரீபாஷ்யத்தில் அவர் தளர்த்தவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆன்ம சமத்துவம் பற்றிய அவர் வாக்கே அந்த வரம்பைவிடப் பெரியது.

உயிரியல் பக்கமும் பார்த்தால், குலத்தின் குணம் கலப்பின்றி வழிவழி இறங்குகிறது என்ற நம்பிக்கைக்குக் குன்றல் பகுப்பில் ஆதாரம் இல்லை. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. அவர்களில் பலருடைய டிஎன்ஏ ஒரு துண்டுகூட இன்று அவர் உடலில் இராது.